கழலையென மயக்கும் தமனிக் குமிழ்

பழுதையென்று மிதிக்கவும் முடியாது, பாம்பென்று தாண்டவும் முடியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இருளிற் கிடக்கும் பழுதையைப் பாம்பெனக் கருதி அஞ்சுதல் நகைப்புக்கு இடமாகுமேயன்றித் தீங்கு பயப்பதன்று. பாம்பைப் பழுதையென்றெண்ணிக் கையாலெடுத்தலோ உயிர்க்கு இறுதியாய் முடியும். வைத்திய நூலில் இவ்விரண்டாம் மயக்கத்தை ஒத்ததொன்று உண்டு. மூளையின் அடியில் இரத்தக் குழாயொன்று ஓரிடத்தே பலூன்போற் புடைத்து நிற்க, அதனைப் பிட்யூட்டரிச் சுரப்பியில் எழுந்த கழலையென்று கருதி, அகற்றும்பொருட்டுக் கத்தியை எடுத்தலே அது. இம்மயக்கம் அரிதாகவே நேர்வது. நேர்ந்தவிடத்துப் பெருங்கேடு விளைப்பது. அஃது ஏன் நேர்கின்றது, அதனின்று தப்பும் வழியை வைத்தியர் எங்ஙனம் கண்டனர் என்பவற்றை, வைத்தியம் பயிலாத நேயர்களுக்கும் விளங்குமாறு கூற முற்படுகின்றோம்.

முதற்கண் அவ்விடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இரு புருவங்களுக்கும் இடையேயிருந்து நேரே பின்னோக்கி ஒரு கோடு இழுப்பின், மூக்கின் உட்கூடுகளைக் கடந்து, மண்டையோட்டின் நடு அடியில் ஒரு சிறு பள்ளத்தை அஃது அணுகும். குதிரையின்மேல் இடும் சேணத்தின் வடிவாக அமைந்திருத்தலின் மேனாட்டார் இதனைத் துருக்கிச் சேணம் என்பர். இப்பள்ளத்தில் பட்டாணியளவினதாய், ஏறக்குறைய அரைக் கிராம் எடையுடையதாய், மெல்லிய காம்பொன்றினால் மூளையினின்றும் தொங்குவதே பிட்யூட்டரிச் சுரப்பி. உடலின் வளர்ச்சி, மகப்பேறு, தாய்ப்பால் சுரத்தல், தைராய்டு சுரப்பியின் தொழில், சிறுநீரகத்தின்மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியின் தொழில் ஆகிய இத்துணையும் இச்சிறு பட்டாணியின் ஆணைக்குட்பட்டவை.

பிட்யூட்டரி என்னும் பெயரே ஒரு பிழையினின்று பிறந்ததென்பதை இங்குக் கூறாமல் விடுதற்கு மனம் ஒருப்படவில்லை. இலத்தீன் மொழியிலே ‘பிட்யூட்டா’ என்பது கபத்தைக் குறிக்கும். மூளையில் ஊறும் கபம் இச்சுரப்பியின் வழியே வடிந்து மூக்கினை அடைகின்றதென முற்காலத்து மேனாட்டு வைத்தியர் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தனர். 17-ஆம் நூற்றாண்டிலே அக்கொள்கை பொய்யென நிறுவப்பட்டது. கொள்கை மறைந்தது, பெயர் நின்றுவிட்டது. இவ்வுறுப்பைக் குறித்து மாந்தர் கொண்ட மயக்கங்களுள் அதுவே மூத்தது போலும்.

இனி, இச்சுரப்பியின் அயலாரைக் காண்போம். சேணத்தின் இருமருங்கும் சிரைப்பை ஒன்றொன்று உளது. கழுத்தின் வழியே மேலேறி மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி, ஒவ்வொரு பக்கத்தும் இப்பையினூடே பாம்புபோல் வளைந்து செல்கின்றது. தமனி சுரப்பியினின்று சில மில்லிமீட்டர் தொலைவிலேயே உளது. சிலரிடத்து அதனை ஒட்டியே கிடக்கின்றது. கண்விழியை அசைக்கும் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் கன்னத்துக்கும் உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகளும் இப்பையையே வழியாகக் கொண்டுள்ளன. சுரப்பிக்கு மேலே, இரு கண்களினின்றும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றுகூடும் சந்தி அமைந்திருக்கின்றது. அதற்கும் மேலாக, மூளையின் தமனிகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு வளையமாகின்றன. 1664-இல் தாம் வெளியிட்ட நூலிலே அவ்வளையத்தை விளங்க எடுத்துரைத்த ஆங்கிலேய வைத்தியர் தாமஸ் வில்லிஸ் என்பாரின் பெயரால் அது வழங்குகின்றது. அந்நூலுக்குப் படம் வரைந்து உதவியவர், லண்டன் நகரத்துப் புனித பவுல் பேராலயத்தைப் பின்னர் எழுப்பிய கிறிஸ்டபர் ரென் என்னும் சிற்பியார். ஒரு கட்டைவிரலின் நுனி அடங்கும் இடத்துள் இத்துணை உறுப்புகளும் நெருங்கியிருத்தலே நாம் கூறவந்த மயக்கத்துக்கு வேர் என்க.

பிட்யூட்டரிக் கழலை பெரும்பாலும் புற்றுநோய் அன்று, மெல்ல வளர்வது. சிலவகைக் கழலைகள் ஹார்மோன்களை மிகுதியாகச் சுரந்து உடலின் உருவத்தையே மாற்றும். கையும் காலும் முகவாயும் பெருக்கும் அக்ரோமெகாலி என்னும் நோயைப் பிரெஞ்சு வைத்தியர் பியேர் மரீ 1886-இல் பெயரிட்டு விவரித்தார்; அது பிட்யூட்டரிக் கழலையால் வருவதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. வேறு சில கழலைகள் ஒன்றையும் சுரவா. பருத்துத் தம் அயலாரை நெருக்குவதொன்றே அவற்றின் தொழில். அவை மேனோக்கி வளருங்கால் பார்வைச் சந்தியைக் கீழிருந்து அழுத்தும். இரு கண்களினின்றும் வந்து அச்சந்தியிலே குறுக்காக மாறிச் செல்லும் நரம்பிழைகள், பார்வையின் வெளிப்புறப் பாதிகளுக்கு உரியவை. ஆதலின் நோயாளிக்கு வலக்கண்ணில் வலப்புறமும் இடக்கண்ணில் இடப்புறமும் மறைந்துபோகும். நேரே உள்ளதை நன்றாகக் காண்பான். வாயிலைக் கடக்கையில் இருபக்க நிலைகளிலும் தோளை இடித்துக்கொள்வான். தனக்குப் பார்வை குறைந்திருப்பதையே நெடுநாள் அறியாதிருத்தலும் உண்டு.

தமனிக் குமிழோ முற்றிலும் வேறானது. மேனாட்டார் இதனை அனியூரிஸம் என்பர். அது விரிவு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். தமனியின் சுவர் மூன்று படைகளாலாயது. தமனிகள் கிளைக்கும் கவர்களில் நடுப்படை வலிகுன்றியிருத்தல் கூடும். இதயம் துடிக்குந்தோறும் குருதி அங்கு வந்து மோத, ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்விடம் புறத்தே பிதுங்குகின்றது. நைந்த சைக்கிள் ட்யூபிற் காற்றடைக்க, மெலிந்தவிடம் புடைத்தெழுவதைக் கண்டார்க்கு இது எளிதில் விளங்கும். முதிர்ந்தோரில் ஏறக்குறைய நூற்றுக்கு மூவரிடத்து இத்தகைய குமிழ் இருக்கலாமென்பர். அவற்றுட் பெரும்பாலானவை சிறியவை, வாழ்நாள் முழுதும் வாளா கிடப்பவை. சில வெடித்து மூளையைச் சுற்றிக் குருதியைப் பெருக்கி உயிர்க்கு இடர் விளைப்பவை. மிகச் சில, வெடியாமலே இரண்டரைச் சென்டிமீட்டருக்கும் மேலாகப் பருப்பவை. இவற்றுள்ளும், கரோட்டிட் தமனியினின்று எழுந்து சேணத்தின் உட்பக்கமாகவோ அதன் மேற்புறமாகவோ சாயும் குமிழே கழலைக்கு வேடம் புனைவது.

சேணத்துள் குமிழ் புகுந்தால் என் நிகழும்? சுரப்பி நசுங்கும், ஹார்மோன்கள் குன்றும், களைப்பும் குளிர் தாங்காமையும் தோன்றும், மாதர்க்கு மாதவிடாய் நிற்கும். மேலே எழும்பினால் பார்வைச் சந்தி அழுந்தும்; பார்வையின் வெளிப்பாதிகள் மறையும். எலும்பை இடைவிடாது இடித்துக்கொண்டிருத்தலின் சேணம் அகலும். இவை யாவும் கழலையின் குறிகளென முன்னர்க் கண்டவையே யன்றோ? அழுந்தும் நரம்பு, தன்னை அழுத்துவது இன்னதென்று கூறுவதில்லை. இன்னவிடத்து அழுத்துகின்றது என்பதை மட்டுமே கூறும். குறிகளைக் கொண்டு நோயின் இடத்தைத் துணியலாம்; அவ்விடத்தே இருக்கும் பொருளைத் துணிதற்கு வேறு சான்று வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தபொழுதெல்லாம் பிழை நேர்ந்ததென்பதை இந்நோயின் வரலாறு காட்டுகின்றது.

1889-இல் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்து வைர் மிட்செல் என்னும் நரம்பு நோய் வைத்தியர் ஒரு நிகழ்ச்சியை எழுதி வெளியிட்டார். பார்வையின் வெளிப்பாதிகளை இழந்த ஒருவர் இறந்தபின் ஆராய்ந்தபோது, முறைமாறிய தமனியொன்றில் எழுந்த குமிழ் பார்வைச் சந்தியை முன்பின்னாக இரு கூறாகப் பிளந்திருக்கக் கண்டனராம். கழலைக்கே உரியதென நினைத்தற்குரிய அக்குறியைக் குமிழும் தரவல்லது என்பதற்கு இது பழைய சான்று. அதே காலத்தை ஒட்டி, 1880-களில், லண்டன் மாநகரத்து விக்டர் ஹார்ஸ்லி கழலையென்று கருதி ஒரு நோயாளியின் மண்டையைத் திறந்தார். ஆங்குக் கண்டது துடிக்கின்ற குமிழ். அவர் அதனைத் தொடாது விடுத்து, கழுத்திலே கரோட்டிட் தமனியைக் கட்டினார். ஐந்தாண்டுகள் சென்றபின்னும் அந்நோயாளி நலமாயிருந்ததாகக் கூறப்படுகின்றது. திறந்து நோக்கியபின் மனத்தை மாற்றிக்கொள்ளும் துணிவும் ஒரு திறமையே என்று எமக்குத் தோன்றுகின்றது.

ரொன்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபின், சேணத்தின் அகலத்தை உயிருள்ளபோதே அறிய இயன்றது. அகன்ற சேணம் பிட்யூட்டரிக் கழலையின் முத்திரையென்று கொள்ளப்பட்டது. அவ்வாறு கொண்டதில் வியப்பில்லை. மிகப் பலரிடத்து அஃது உண்மையுமாம். குமிழ் அரித்த சேணம் ஒருபக்கமே மிகுதியாகத் தேய்ந்திருத்தலும், குமிழின் சுவரில் சுண்ணாம்பு படிந்து முட்டையோடு போன்ற மெல்லிய வளைகோடாகப் படத்தில் தெரிதலும் உண்டு. ஆயின் அக்கோடு எல்லாரிடத்தும் தோன்றுவதில்லை.

அறுவை முறையும் இக்காலத்திலேயே வளர்ந்தது. 1907-இல் ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்புருக் நகரத்து ஷ்லோஃபர், மூக்கின் வழியே சென்று பிட்யூட்டரிக் கழலையை முதன்முதல் அகற்றினார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் அவ்வழியைச் செப்பஞ்செய்து, 1910 முதல் 1925 வரையில் 231 பேருக்கு அவ்வாறு சிகிச்சை புரிந்தார். மூளையைத் தொடாமலே கழலையை அணுகுதற்கு இதைவிட நேரிய வழி இல்லை. ஆயின் இவ்வழி ஒடுங்கியதொரு கிணறு. கழலையாயின் சுரண்டியெடுத்து மீளலாம். குமிழாயின், கத்தி அதன் சுவரைத் தீண்டியவுடன் கரோட்டிட் தமனியின் குருதி முழுவேகத்தோடு அக்கிணற்றில் நிரம்பும். பிளவுபட்டவிடத்தைக் கண்ணாற் காணவும் இயலாது. இருபுறமும் பிடித்துக் கட்டவும் இடமில்லை. துணியை வைத்து அடைத்து அழுத்துதலன்றி உடனே செய்யத்தக்கது பிறிதொன்றில்லை. நோயாளி பிழைப்பினும் மூளையின் ஒரு பாதி குருதியின்றி வாடிக் கைகால் வீழ்தல் கூடும். நோயின் தன்மையறியச் சிறிது சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்தல் ஏனைக் கழலைகளுக்கு நன்முறை. ஈண்டு அதுவே நஞ்சாகும்.

குருதியோடும் வழியையே படமெடுக்கலாகும் என்பதை 1927-இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் காட்டினார். எக்ஸ் கதிர்களை மறைக்கும் மருந்தைக் கழுத்துத் தமனியிற் செலுத்த, மூளையின் தமனிகள் இலையுதிர்ந்த மரம்போலப் படத்திலே தோன்றின. இதனால் மயக்கம் முழுதும் தீர்ந்திருக்க வேண்டுமென நேயர்கள் எண்ணலாம், தீரவில்லை. சோதனையே இடருடையதாதலின், பிட்யூட்டரிக் கழலையெனத் தெளிவாகத் தோன்றிய நோயாளிகளுக்கு அதனைச் செய்யாது விடுவதும் இருந்தது. அன்றியும், பருத்த குமிழ்களுட் சிலவற்றில் குருதி வெங்காயத் தோல்போற் படைபடையாக உறைந்து கிடக்கும். மருந்து செல்வது நடுவில் எஞ்சிய சிறுவழியில் மட்டுமே; ஆகவே பெருங்குமிழ் சிறுகுமிழெனத் தோன்றும், அன்றி ஒன்றுமில்லையெனவே தோன்றும். இங்ஙனம் உறைந்த குமிழ் துடிப்பதுமில்லை.

1937-இல் மான்செஸ்டர் நகரத்து ஜெஃபர்ஸன், பார்வைச் சந்தியையும் பார்வை நரம்புகளையும் குமிழ்கள் அழுத்தும் வகைகளைத் தொகுத்து விரிவாக எழுதினார். 1961-இல் பாஸ்டன் நகரத்து வொயிட், பாலன்டைன் என்னும் இருவர், சேணத்துள் புகுந்த குமிழ்கள் பிட்யூட்டரிக் கழலையைப்போல் நடித்தலையே பொருளாகக்கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1971-இல் முதன்முதலாக நோயாளியொருவருக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன், மண்டைக்குள் உள்ளவற்றை நேரே காட்டியது உண்மையே. எனினும் சேணத்துள் ஒருசீராக வெண்மையுற்று விளங்கும் உருண்டையொன்றைக் கண்டால், அது கழலையா குருதி நிறைந்த குமிழா என்பதை அப்படம் எப்போதும் பிரித்துக் காட்டவில்லை. தெளிந்த படம் தெளிந்த அறிவாகாது.

பின்வந்த எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படமே பெருந்துணையாயிற்று. இப்படத்தில், தூண்டப்பட்ட நீரணுக்கள் திருப்பியனுப்பும் குறிப்பினால் உருவம் அமைகின்றது. விரைந்தோடும் குருதியோ, தூண்டப்பெற்றபின் குறிப்பைத் தரும் முன்னரே அவ்விடத்தைவிட்டு நீங்கிவிடும். ஆதலின் குருதி ஓடுமிடம் கருநிறமான வெறுமையாகத் தோன்றும். நரைநிறக் கழலையிருக்க வேண்டியவிடத்துக் கரிய வட்டமொன்று காணப்படின், அது குமிழென ஐயுறல் வேண்டும். உறைகட்டி நிறைந்த குமிழும் குருதி மெல்லச் சுழலும் குமிழும் இங்கும் ஏமாற்றும். அவை கருமை தாரா. ஆகவே ஐயம் உளதாயின் தமனிகளைத் தனித்துக் காட்டும் படங்களையும் எடுத்தல் முறை.

குருதியிலுள்ள ஹார்மோன்களை அளந்தும் ஒருவாறு உண்மையை அறியலாம். அக்ரோமெகாலி போன்ற மிகைச் சுரப்பு காணப்படின் கழலை உளதென்பது உறுதி. குமிழ் எதையும் சுரப்பதன்று. ஆயினும் இதிலும் ஒரு வலை உண்டு. பாலைச் சுரக்கச்செய்யும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மட்டும் மூளையினின்று காம்பின் வழியே வரும் தடையால் அடக்கப்பட்டிருப்பது. காம்பை எது நசுக்கினும் தடை நீங்கி, அது சிறிது உயரும். இவ்வாறு உயர்வது பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமைக் கடப்பதில்லை. புரோலாக்டினைச் சுரக்கும் பெருங்கழலையிலோ 200-க்கு மேலாகவும், ஆயிரக்கணக்காகவும் உயரக் காணலாம். சிறிது உயர்ந்த அளவைக் கண்டு கழலையெனத் துணிந்து மருந்தளித்தால், புரோலாக்டின் குறைந்துவிடும். நோய்க்குக் காரணம் எதுவாயினும் அம்மருந்து அதனைக் குறைக்கவல்லது. வைத்தியர் தம் துணிபு சரியென மகிழ்ந்திருப்பர்; உள்ளே குமிழோ சிறிதும் சுருங்காது வளர்ந்துகொண்டிருக்கும். எண் குறைவதை நோய் குறைவதென மயங்குதல் எம்மனோர்க்கும் இயல்பே.

படுக்கையருகே நின்று நோக்கும் வைத்தியருக்கும் சில குறிப்புகள் உள. கழலை சந்தியை நடுவே அழுத்துதலின் இரு கண்களின் இழப்பும் பெரும்பாலும் ஒத்திருக்கும். குமிழ் ஒருபக்கத்தே தோன்றுதலின் ஒரு கண்ணே முற்படக் கெடும். இமை சாய்ந்து, பாவை விரிந்து, விழி அசையாது நிற்றலும், ஒருபுறத்து நெற்றியில் வலி தோன்றுதலும் குமிழை நினைப்பூட்டும். ஆயின் கழலைக்குள் திடீரெனக் குருதி கசிந்து அது வீங்கும்போதும் இவையே தோன்றும். எனவே இக்குறிகளையும் முடிவெனக் கொள்ளலாகாது.

இத்துணையும் கூறியபின், அளவையும் கூறுதல் நேர்மை. பிட்யூட்டரித் தொழில் குன்றியவர்களை அமெரிக்க நாட்டு மாயோ மருத்துவ நிலையத்தார் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கணக்கின்படி, சேணத்துக் குமிழால் அந்நிலை எய்தியோர் ஆயிரத்துக்கு இருவருக்கும் குறைவு. ஆதலின் சேணத்தில் வீக்கமென்று கேட்டோர் அனைவரும் குமிழோவென நடுங்கவேண்டுவதில்லை. எனினும் மற்றொரு செய்தியையும் இதனோடு சேர்த்து எண்ணல் வேண்டும். 1979-இல் ஜப்பானிய வைத்தியர் பிட்யூட்டரிக் கழலையுடைய 95 பேரை ஆராய, எழுவரிடத்துத் தமனிக் குமிழும் உடனிருக்கக் கண்டனர். கழலை உளது என்று நிறுவியதனால் குமிழ் இல்லையென்று நிறுவியதாகாது.

உண்மை தெரிந்தபின் சிகிச்சை முற்றும் வேறாகின்றது. 1931-இல் எடின்பரோ நகரத்து நார்மன் டாட், குமிழைத் தசைத்துண்டால் பொதிந்து காத்தார். இவரே குஷிங்கிடம் பயின்று, அவர் பின்னர்க் கைவிட்ட மூக்குவழி அறுவையை அழியாது காத்துப் பின்னோர்க்கு அளித்தவருமாவர். கழலையும் குமிழும் ஒருவர் கையிலேயே கூடியது நினைக்கத்தக்கது. 1937-இல் பால்டிமோர் நகரத்து டான்டி குமிழின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியை இட்டு அதனைத் தமனியினின்று பிரித்தார். 1990-களிலிருந்து, தொடைத் தமனியின் வழியே நுண்குழாயைச் செலுத்திப் பிளாட்டினக் கம்பிச் சுருளால் குமிழை நிரப்பும் முறை பரவியது. அதன்பின், தமனிக்குள் மெல்லிய வலைக்குழாயை வைத்துக் குருதியை நேரே செல்லவிடுத்துக் குமிழைத் தானே உறையச்செய்யும் முறையும் வந்துளது. இவ்வாறு குமிழ் அடங்கியபின் பார்வை மீளுதல் உண்டு; நசுங்கிய சுரப்பி மீளுதல் அத்துணை எளிதன்று. குன்றிய ஹார்மோன்களை, சிறப்பாகக் கார்ட்டிசாலை, சிகிச்சைக்கு முன்னரே மருந்தாக அளித்தல் வேண்டும். அதனை மறந்தால் குமிழ் செய்யாத தீங்கை மறதி செய்துவிடும்.

இத்துணைப் படங்களும் சோதனைகளும் வந்தபின்னும், மூக்குவழியே சேணத்தை அடைந்த அறுவை வைத்தியருட் பலர் கைவிடாத வழக்கம் ஒன்றுண்டு. எலும்பை நீக்கியபின், சுரப்பியை மூடிய உறையைக் கத்தியால் கீறுமுன், மெல்லிய ஊசியொன்றை அவ்வுறையினூடே செலுத்திச் சிறிது இழுத்துப் பார்ப்பர். ஒன்றும் வாராதாயின் மேற்செல்வர். செங்குருதி துடித்தேறுமாயின், ஊசியை எடுத்து, அவ்விடத்தை மூடி, வந்த வழியே திரும்பிவிடுவர்.